வாசலுக்கு ஒரு ஸ்டூல்

தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். இரண்டாவது மாடி, காட்டன் புடவை. காலையில் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றால் ராத்திரி கடை சாத்தும்வரை நிற்பதுதான். சுவரில் சாயக்கூடாது. கவுண்டரில் கை ஊன்றக்கூடாது. மேலே கேமரா இருக்கிறது. சாய்ந்தால் சூப்பர்வைசருக்கு போன் வரும். அவர் தூரத்திலிருந்தே ஒரு விரலை மேலே தூக்கிக் காட்டுவார். நிமிர்ந்து நில் என்று அர்த்தம்.

நான் உட்காருவது சாப்பாட்டு நேரத்தில். அப்புறம் பஸ்ஸில். ஆற்றோரம் குடியிருந்தபோது நடந்தே வேலைக்கு வந்துவிடுவேன். கவர்மென்ட்டில் வீட்டை இடித்து ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகு திருவான்மியூரில் பஸ் மாறி வருகிறேன். சீட் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்தது. கண்டுகொள்ளவில்லை. கணுக்கால் பக்கம் புண் வந்து ஆறாமல் இருந்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா, "நிக்கிற வேலைய விட்டுடுங்க. இல்லன்னா புண்ணு பெருசாயி நடக்கவே முடியாம போயிடும்" என்றார். வீட்டுக்காரர் இல்லை. பெண் படிக்கிறாள். வேலையை விட முடியாது. புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டு நின்றேன்.

கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் மாடிக்கு மாடி பிளாஸ்டிக் ஸ்டூல் வந்து இறங்கியது. என் பக்கத்தில் நிற்பவள் மந்தைவெளிக்காரி. என்னைவிடச் சின்னவள், வாய் சும்மா இருக்காது. "யக்கா, இன்னாக்கா இது, நெசமாவே நமக்கா?" என்றாள்.

ஸ்டூலில் கஸ்டமர் உட்கார்ந்தார்கள். பையை வைத்தார்கள். குழந்தையை ஏற்றி நிறுத்தி டிராயர் போட்டுப் பார்த்தார்கள். ஒரு நாள் மந்தைவெளிக்காரி உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் வந்து எதிரில் நின்றார். அவர் திருநெல்வேலிப் பக்கம், முதலாளிக்குச் சொந்தம்.

"என்னம்மா, காலு வலிக்கோ?"

"ஆமாண்ணே."

"அப்பம் வீட்டுல போய் ஒக்காரு."

அதோடு யாரும் உட்காரவில்லை.

ஒரு நாள் காலையில் சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டார். லேபர் ஆபீசிலிருந்து பார்க்க வருகிறார்களாம். "இன்னைக்கு எல்லாரும் ஒக்காந்துதான் இருக்கணும். கேட்டா தெனமும் ஒக்காருதோம்னு சொல்லணும். வெளங்குதா?"

"எத்தினி மணி வரிக்கும்ணே குந்தணும்?" என்று கேட்டாள் மந்தைவெளிக்காரி. அவர் முறைத்தார்.

உட்கார்ந்தோம். ஒரு மேடம் படியேறி வந்தார். அவரைப் பார்த்ததும் மொத்த மாடியும் எழுந்து நின்றது. யாரும் நினைத்துச் செய்யவில்லை. ஆள் வந்தால் கால் தானாக எழுந்துவிடும். மேடம், "உக்காருங்க, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். அவர் அடுத்த கவுண்டருக்கு நகர்ந்தார். அங்கே எழுந்தார்கள். அதைப் பார்த்து இங்கே நாங்களும் எழுந்தோம்.

மேடம் முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் உள்ளங்கையை விரித்துக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டினார். அந்தச் சைகையை அவர் எங்களிடம் காட்டியதே இல்லை. சத்தம் போடாதே என்கிறார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு நின்றோம். ஒருத்தி ஃபேனைக் குறைக்கச் சொல்கிறார் என்று சுவிட்சுக்குப் போனாள். மேடம் சட்டென்று திரும்பினார். சூப்பர்வைசர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

மேடம் ஒவ்வொருத்தராகக் கேட்டார். தினமும் உட்காருகிறோம் என்றார்கள். என்னிடம் வந்தார். கூடவே சூப்பர்வைசர். காலில் சுற்றிய துணி ஈரமாகிவிட்டிருந்தது.

"தினமும் உக்காருவீங்களா?"

"இன்னிக்குத்தாம்மா" என்றேன்.

மறுநாள் என்னை மாடியிலிருந்து இறக்கி வாசலில் போட்டார்கள். வருகிறவர்களைக் கும்பிட்டு, வாங்க வாங்க என்று சொல்லும் வேலை. வெயில் மூஞ்சியில் அடிக்கும். ஸ்டூல் கிடையாது. வேலையை விட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. நானே போய்விடுவேன் என்று பார்த்தார்கள். புண் விரிந்தது.

லீவு நாளில் லேபர் ஆபீசுக்குப் போனேன். மேடத்துக்கு என்னை அடையாளம் தெரிந்தது. பேர் போடாமலும் புகார் கொடுக்கலாம் என்றார்.

"போட்டுக்கோங்கம்மா. வாசல்ல நிக்கிறது நான் ஒருத்திதான். போடலன்னாலும் தெரியும்."

விசாரணைக்குக் கடையிலிருந்து மேனேஜர் வந்தார். "மேடம், வாசல்ல ஒக்காந்துகிட்டு கும்பிட்டா நல்லாவா இருக்கும்? வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"கால் வலிக்குதுன்னு நெனப்பாங்க. வாசலும் உங்க கடைதானே? ஸ்டூல் போடுங்க. சொல்லாம வந்து பார்ப்பேன். இவங்கள வேலைய விட்டு எடுத்தா ஏன்னு எனக்குப் பதில் சொல்லணும்."

மேனேஜர் என்னிடம் திரும்பினார். "எம்மா, பேசாம மாடிக்கே போயிடுறியா?"

யோசித்தேன். எங்களுக்கு லிஃப்ட் கிடையாது. படி ஏற வேண்டும். "வாசல்லயே இருக்கேன் சார். ஸ்டூல் போட்டா போதும்."

ஸ்டூல் வந்தது. முதல் நாள் உடம்பு கூசியது. ஆள் வரும்போதெல்லாம் இடுப்பு தானாக எழப் பார்த்தது. அடக்கி உட்கார்ந்து கும்பிட்டேன். ஒரு பொம்பளை நின்று, "இன்னாமே, மகாராணி கணக்கா குந்திக்கினு கீறே?" என்றாள்.

"கால்ல புண்ணுமா. காட்டன் ரெண்டாவது மாடி, போங்க."

காலைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

சாயங்காலம் டீக்கு இறங்கி வந்த மந்தைவெளிக்காரி, "யக்கா, கல்லா ஒண்ணுதான் பாக்கி, அதுலயும் போய் குந்திடு" என்றாள். மேலே இப்போது ஸ்டூலுக்குச் சண்டையாம். ஒருத்தி உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லையாம். சூப்பர்வைசர் விரலைத் தூக்குவதில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

புண் இன்னும் ஆறவில்லை. பெரிதாகவும் இல்லை. வேலை இருக்கிறது.

எதிர்க்கடை வாசலிலும் ஒரு பெண் நின்று கும்பிடுகிறாள். என் ஸ்டூலையே பார்ப்பாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"எங்கக்கா போய் சொன்னே நீ?"

எந்த பஸ், எந்த மாடி, எந்த ரூம் என்று சொன்னேன்.

"பேரு கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

தன் கடையைத் திரும்பிப் பார்த்தாள். "தனியா போவ பயமா கீதுக்கா" என்றாள்.

"உனக்கு லீவு என்னிக்கு?"

"வியாழக்கிழமை."

எனக்குச் செவ்வாய். இந்த வாரம் மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும்.