பஸ் ஜன்னலில் தெரிந்த மலை

மாமல்லபுரத்துக் கடலோர ரிசார்ட் ஒன்றை விட்டு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை. அங்கே எட்டு மாதம் மணலில் குப்பை பொறுக்கினேன், பம்ப் ரூமில் படுத்தேன். சண்டை ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் எட்டு மாதம் என்பது எனக்கு அதிகம், அவ்வளவுதான்.

அந்த ரிசார்ட் வாசலில் ஒரு பலகை உண்டு. ஒரே நாளில் பார்த்துவிட்டு வரக்கூடிய இடங்கள் அதில் இருக்கும்: புலிக்குகை, சதுரங்கப்பட்டினம் கோட்டை, திருக்கழுக்குன்றம் மலை, வேடந்தாங்கல் பறவைகள். தினமும் அதைத் துடைப்பேன். ஒன்றையும் பார்த்ததில்லை. நான் போகிற சாலையில் மலை இருந்தது, அதனால் மலை.

அடிவாரத்துக்கு வந்தபோது மணி பத்தரை இருக்கும். முதல் படியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல், இரண்டு முழங்காலிலும் பட்டை. பக்கத்தில் மகன், கையில் கார் சாவி.

"மேல போய் வீடியோ எடுத்துட்டு வரேம்மா. வண்டியில உக்காந்து பாரு."

"முப்பது வருஷம் உக்காந்துதான்டா பாத்தேன்" என்றார் அந்த அம்மா.

செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஓர் ஆபீசுக்கு முப்பது வருடம் பஸ்ஸில் போய் வந்தவராம். தினமும் இரண்டு வேளை ஜன்னலில் இந்த மலை. ஒருநாளும் இறங்கி ஏறவில்லை. இப்போது மகனோடு பெங்களூரில். மறுநாளே திரும்பிப் போகிறார்களாம்.

டோலி இருந்தது. ஒரு மூங்கில் கழி, அதில் கயிற்றால் தொங்கும் பலகை. தூக்க ஓர் ஆள்தான் இருந்தார். கூடத் தூக்கும் அவருடைய மச்சானுக்குக் காய்ச்சல். பன்னிரண்டு மணிக்கு மலைக்கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள். டோலிக்காரர் என் தோளைப் பார்த்தார்.

"அண்ணாத்த, இன்னா பண்ணிகினு கீற? சும்மாதான நிக்கற?"

"எனக்குப் பழக்கம் இல்ல."

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே பழக்கமா? முன்னால புடி. ஏறும்போது பாரம் பின்னால கீறவனுக்குத்தான்."

அந்த அம்மா பலகையில் பக்கவாட்டில் உட்கார்ந்தார். தூக்கினோம். பத்துப் படியில் பலகை ஊஞ்சல் மாதிரி ஆடியது.

"கால மாத்தி வெய்யி. ரெண்டு பேரும் ஒரே கால வெச்சா அப்படித்தான் ஆடும். திரும்பாத. நீ திரும்பனா கழியும் திரும்பும்."

"ஏம்பா, என்னைக் கீழ போட்டா என் பையன் ரொம்ப சந்தோஷப்படுவான். 'அப்பவே சொன்னேன்'னு வருஷம் பூரா சொல்லுவான்" என்றார் அந்த அம்மா. மகன் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

நான் பார்த்தது படிகளை மட்டும். நடுவில் தேய்ந்த படி, குங்குமம் சிந்திய படி, குரங்கு தின்றுபோட்ட வாழைப்பழத் தோல். பாதி மலையில் என் தொடை நடுங்க ஆரம்பித்தது. இறக்கி வைத்தால் மறுபடி தூக்க என்னால் முடியாது என்று தெரிந்தது. நடை சாத்த நேரமும் அதிகம் இல்லை. கழி நடுங்கியது அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"அதோ, கடல் தெரியுதுப்பா" என்றார். "நல்லா நீலமா. லைட் ஹவுஸ் குச்சி மாதிரி நிக்குது. கப்பல் ஒண்ணு போகுது."

எட்டு மாதம் அந்தக் கடலோரத்தில்தான் குனிந்துகொண்டிருந்தேன். இருந்தாலும் இங்கிருந்து அது எப்படித் தெரியும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. கப்பல் எங்கே வந்திருக்கிறது என்று நாலு தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சொன்னார். அப்படியே மேலே வந்துவிட்டோம். நடை திறந்திருந்தது.

கழியை இறக்கியதும் திரும்பிப் பார்த்தேன். கீழே பெரிய குளம், தென்னந்தோப்பு, வயல். அதற்கு அப்பால் கிழக்கு முழுவதும் வெள்ளை மூட்டம்.

"கடல் எங்கம்மா?"

"இருக்கும்பா, அங்கதான் எங்கயாவது" என்றார். கண்ணில் சிரிப்பு.

டோலிக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "மழ பேஞ்சு வுட்ட மறுநாளு பாத்தா தெரியும். இன்னிக்கு எங்க தெரியப்போவுது?"

"நீயும் சொல்லலையே."

"சொன்னா நீ ஏறியிருப்பியா மச்சான்?"

அந்த அம்மா சாமி கும்பிட்டு வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபுரத்தையோ குளத்தையோ பார்க்கவில்லை. சாலையில் தீப்பெட்டி அளவில் ஒரு பஸ் போனது. அது திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்தார். "ஜன்னல் பக்கம் யாராவது உக்காந்திருப்பாங்க" என்றார் மகனிடம். மகன் வீடியோ எடுக்காமல் பக்கத்தில் நின்றார்.

அந்த அம்மாவைக் கீழே கொண்டுவந்து இறக்கிவிட்டு, அன்று அடிவாரத்து மண்டபத்தில் படுத்தேன். மறுநாள் காலையிலும் மச்சானுக்குக் காய்ச்சல் விடவில்லை. டோலிக்காரர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கழியின் முன்பக்கம் போய் நின்றுகொண்டார்.

"பின்னால நில்லு."

பருத்த மனிதர் ஒருவர் பலகையில் உட்கார்ந்து, மேலே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"கடல் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டுக் கழிக்குத் தோள் கொடுத்தேன்.