வால்புர்காவின் பதினோரு நிமிஷம்

ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் ஆறாம் நம்பர் பஸ் ஓட்டிய வால்புர்காவைத் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. தோள் அகன்ற, குரல் தடித்த பெண். கல் பாவிய சந்துகளில் அவ்வளவு நீள பஸ்ஸை, இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டுத் திருப்புவாள். உள்ளே யார் கூடையிலும் ஒரு முட்டைகூட உடையாது. மணிக்கு முப்பது கிலோமீட்டர், மிஞ்சிப்போனால் ஐம்பது. அதற்கு மேல் அந்த ஊர்த் தெருக்கள் விடாது.

எண்பத்தாறாம் வருஷம் வசந்தத்தில் அவள் ஒரு பி.எம்.டபிள்யூ பைக் வாங்கினாள். ஆயிரம் சிசி, நான்கு சிலிண்டர், முன்னால் மார்பை மறைக்கும் காற்றுத் தடுப்பு, பின்சக்கரத்தின் இரு புறமும் இரண்டு பெட்டிகள். அதில் புருஷனை ஏற்றிக்கொண்டு கோடைதோறும் இத்தாலிக் கடற்கரைக்குப் போவது என்பது திட்டம். புருஷன் லோரென்ஸ் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவன். வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. பின்னால் உட்கார்ந்து வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு வருவதில்தான் அவனுக்குச் சுகம்.

பஸ் நிலையத்தில் கோர்பினியன் என்றொரு டிரைவர். அவனிடம் ஒல்லியான பந்தய பைக் ஒன்று உண்டு. வால்புர்காவின் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டான்.

"என்ன புர்கி, சோபாவுக்கு சக்கரம் மாட்டி எடுத்துட்டு வந்துட்டியா? திரைச்சீலை எங்க?"

"உன் தகரடப்பால அரை மணி உக்காந்தா இடுப்பு போயிடும். இதுல நான் அட்ரியாட்டிக் வரைக்கும் போவேன்டா."

"போவ போவ. லாரிக்குப் பின்னாடியே போவ."

சொன்னதில் பொய் இல்லை. முதல் கோடை முழுக்க அவள் நூற்று இருபதைத் தாண்டவில்லை. முதுகுக்குப் பின்னால் லோரென்ஸ் இருந்தான். வேகம் கூடினால் வாயால் ஒன்றும் சொல்லமாட்டான், அவள் இடுப்புப் பட்டையை மட்டும் இறுகப் பிடிப்பான். அந்தப் பிடி இறுகினாலே அவள் கை தானாகத் தளர்ந்துவிடும். முந்திப் போகிறவர்களுக்கான இடது தடத்தில் கார்கள் சர்ர்ரென்று போகும்போது அவள் தலை ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி நேராகும். அவ்வளவுதான்.

அந்தத் தலை திரும்புவதை லோரென்ஸ் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் ஜூன் மாதம், ஞாயிறு காலை ஆறரை மணி. தெற்கே போகும் நெடுஞ்சாலையில், பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களுக்கு நடுவே ஓர் இளைப்பாறும் இடம். இரண்டு மேசை, நான்கு பெஞ்சு, ஒரு குப்பைத் தொட்டி. லோரென்ஸ் நிறுத்தச் சொன்னான். இறங்கினான். பெட்டிகளின் கொக்கியைத் தளர்த்தி ஒவ்வொன்றாகக் கழற்றிப் புல்லில் வைத்தான்.

"என்ன பண்ற?"

"வண்டியோட புத்தகத்த படிச்சேன். பெட்டி மாட்டியிருந்தா ரொம்ப வேகம் போகக்கூடாதுன்னு போட்டிருக்கு. ஆடுமாம்." அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான். "அதான் பெட்டியும் நானும் இறங்கிக்கிட்டோம். நீ போயிட்டு வா."

"எங்க?"

"எங்கயோ பாத்துக்கிட்டே வந்தியே, அங்க."

அவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள்.

சாலை வெறுமையாக இருந்தது, அங்கே வேக வரம்பும் கிடையாது. ஐந்தாவது கியரில் நூற்று முப்பதில் வண்டி பூனை மாதிரி முனகியது. அவள் கைப்பிடியைத் திருகினாள். நூற்றைம்பதில் கால் வைக்கும் கம்பியிலும் கைப்பிடியிலும் ஓர் அதிர்வு, எறும்பு ஊறுவதுபோல். இவ்வளவுதான் இதன் சக்தி போலும் என்று நினைத்தாள். விடாமல் திருகினாள். நூற்று அறுபதைத் தாண்டியதும் அந்த அதிர்வு அடங்கியது. முனகல் பாட்டாக மாறியது. அதுவரை நடந்து வந்த வண்டி அப்போதுதான் ஓடத் தொடங்கியதுபோல், யாரோ இடுப்பில் கை கொடுத்து முன்னே தள்ளியதுபோல், உடம்பு ஒரு கணம் பின்னால் சாய்ந்தது. நூற்று எண்பது. தொண்ணூறு. இன்னும் இழுத்தது. ஹாப்ஸ் கம்பங்கள் தனித்தனியாக இருப்பதை நிறுத்தி ஒரு பச்சைச் சுவராயின. அவள் காற்றுத் தடுப்புக்குப் பின்னால் குனிந்தாள். அங்கே ஆச்சரியமான அமைதி. தன் மூச்சு தனக்குக் கேட்டது. முள் இருநூற்றுப் பத்தைத் தொட்டு நின்றது.

பஸ்ஸில் கண்ணாடி, கதவு, மணி, குழந்தை, கிழவர் என்று நாள் முழுதும் நூறு பக்கம் சிதறும் அவள் கவனம் இப்போது ஒரே இடத்தில், தொலைவில் சாலை ஊசிமுனையாகும் இடத்தில், குவிந்து நின்றது. பயம் இருந்தது. பயத்துக்குப் பக்கத்திலேயே சிரிப்பும் இருந்தது. சிரிக்கத்தான் செய்தாள்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் அடுத்த வெளிவாயிலில் திரும்பி எதிர்ப்பக்கமாக வந்தபோது, பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவன் ரொட்டிக் காகிதத்தை வீசி ஆட்டுவது ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்தது. முந்தைய வெளிவாயில் வரை போய் மறுபடி சுற்றி அவனிடம் வந்து நின்றாள்.

"பதினோரு நிமிஷம்," என்றான் கடிகாரத்தைப் பார்த்து. "முகத்த தொடச்சுக்கோ. காத்துல கண்ணு கலங்கியிருக்கு."

காற்று கண்ணில் படவே இல்லை என்பதை அவள் சொல்லவில்லை.

அதன்பின் ஒவ்வொரு கோடையும் அதே இடம், அதே பெட்டிகள், அவளுக்குப் பதினோரு நிமிஷம். கோர்பினியனிடம் இதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. சோபா என்று அவன் சொல்லும்போதெல்லாம் தேநீரை உறிஞ்சிக்கொண்டு "ஆமா ஆமா" என்பாள்.

லோரென்ஸுக்கு ஐம்பது வயதான வருஷம் அவன் பெட்டிகளைக் கழற்றினான், உட்காரவில்லை. பக்கத்து மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்த டச்சுத் தம்பதியிடம் போய், பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும்படி சைகையில் சொல்லிவிட்டு வந்தான்.

"இந்த வருஷம் பெட்டி மட்டும் இறங்கட்டும்."

"நீ பயப்படுவியே."

"பயப்படுவேன். நீ கையத் தளத்தாத."

நூற்று நாற்பதிலேயே இடுப்புப் பட்டை இறுகியது. பழக்கத்தில் அவள் கை தளரப் போனது. அப்போது பட்டையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். தலைக்கவசம் அவள் தோளில் மோதியது. அவள் திருகினாள். இரண்டு பேர் கனத்தோடும் வண்டி தயங்கவில்லை. அதிர்வு வந்தது, அடங்கியது, பாட்டு எழுந்தது. நூற்றுத் தொண்ணூற்றைந்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம். அலறல் என்று பதறினாள். இல்லை. தபால் நிலையத்தில் வருஷக்கணக்காக யாரும் கேட்டிராத குரலில் அவன் கூவிக்கொண்டிருந்தான்.

இறங்கியதும் புல்லில் உட்கார்ந்து தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"ஏழு வருஷம்," என்றான். "ஏழு வருஷம் என்னைய பெட்டிக்குக் காவல் வெச்சிட்டு நீ மட்டும் இத தின்னுட்டு வந்திருக்கியேடி!"

டச்சுக்காரப் பெண்மணிக்கு மொழி புரியவில்லை. இருந்தும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வால்புர்காவின் இடது தோள் முன்போல் உயராமல் போன வருஷம் வண்டியை விற்றார்கள். வாங்க வந்தவள் பசாவ் ஊர் கால்நடை மருத்துவர், நாற்பது வயது இருக்கும், பேச்சுக் குறைவு. இருவரும் வாசலில் நின்றார்கள். வண்டி தெருமுனை திரும்பியது.

"கேட்டியா? ரெண்டாவது கியர சீக்கிரமே மாத்திட்டா," என்றாள் வால்புர்கா. "இன்னும் இழுத்திருக்கணும். யாராவது சொல்லணும்."

"உனக்கு யார் சொன்னாங்க?"

பதில் சொல்லுமுன் ரயில் பாலத்துக்கு அப்பாலிருந்து, நெடுஞ்சாலை ஏறும் பக்கத்திலிருந்து, ஒரு சத்தம் எழுந்தது. எழுந்து, நீண்டு, இன்னும் உயர்ந்தது. அடுப்பில் சூப் பொங்கும் வாசனை வந்தும் இருவரும் அசையவில்லை. அது காதுக்கு எட்டாமல் போகும்வரை நின்று கேட்டார்கள்.