பதினோரு முறை செத்த ரஸ்மானே

டிசம்பர் முப்பத்தொன்று, காலை பத்தேகால் மணிக்குச் செய்தி வந்தது. துகான் ஊர் வானொலி நிலையத்தில் செராஃபின் தோயே அப்போது அந்த ஆண்டின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் சந்தைக்குள் வெள்ளம். அக்டோபரில் புது அடிகுழாய். பிறகு மரணங்கள்: ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு மருத்துவச்சி, மல்யுத்தச் சங்கத் தலைவர். கடைசி வரியில், வழக்கம்போல, மொபெட் மெக்கானிக் ரஸ்மானே சவடோகோ.

பதினோரு வருடமாக ரஸ்மானேயை அவர் வானொலியில் சாகடித்து வந்தார். செராஃபின் சமோ, ரஸ்மானே மோசி. ஒரு நாய்த்தலைக்காக என்றோ பாட்டன்மார் போட்ட சண்டையை இரு இனத்தாரும் இன்றுவரை கேலியாகவே நடத்துகிறார்கள். எதிராளியை அடிமை என்றுதான் கூப்பிட வேண்டும்; கோபப்பட்டவன் தோற்றவன். ஒரு வருடம் ரஸ்மானே பேராசையால் செத்தார், மறு வருடம் நாய்த்தலை தொண்டையில் சிக்கி. புத்தாண்டுக் காலையில் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு நிலையத்துக்கு வந்து மறுப்புத் தெரிவிப்பார். ஊர் அதற்காகவே காத்திருக்கும்.

நேற்று செராஃபின் பின் பிரேக்கைச் சரிசெய்யத் தன் மொபெட்டை விடப் போனபோதும், "இந்த வருஷமாவது என்னை உயிரோட விட்டுடுடா, அடிமை. முன் பிரேக்கும் சேத்துப் போட்டுத் தரேன்," என்றார் ரஸ்மானே.

"எஜமான்கிட்டயே பேரமா?" என்றார் செராஃபின்.

இப்போது வாசலில் ரஸ்மானேயின் மகள் மரியாம் நின்றாள். விடியற்காலைத் தொழுகை முடிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவேயில்லையாம். நான்கு மணிக்கு அடக்கம். வீட்டில் ஏழெட்டுப் பேர்தான்.

"தெருத்தெருவா சொல்லியாச்சு, மாமா. எல்லாரும் சிரிக்கிறாங்க. தேதி தெரியாதா எங்களுக்குன்னு கேக்கிறாங்க. பழக்கினது நீங்க. நீங்களே சொல்லுங்க."

செராஃபின் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து சொன்னார். உடனே தொலைபேசி மணி அடித்தது. இந்தத் தடவை எதால் செத்தான் என்று ஒருவர் கேட்டார். துணியைத் துவைக்கச் சொல்லுங்கள், போன வருடம் ஒரே கிரீஸ் என்றார் இன்னொருவர். செராஃபின் தாய்மேல் ஆணையிட்டார். போன வருடமும் ஆணையிட்டிருந்தார்.

பிறகு மறுபடி ஒலிவாங்கியைத் திறந்தார்.

"மதிப்புக்குரிய ஐயா ரஸ்மானே சவடோகோ அவர்கள் இன்று காலமானார். அவர் நல்ல மனிதர்."

ஒரு சமோவின் வாய் ஒரு மோசியை ஐயா என்று அழைத்து அந்த ஊர் கேட்டதில்லை. அதன்பின் தொலைபேசி அடிக்கவில்லை.

நான்கு மணிக்குச் சந்து கொள்ளாத கூட்டம். இடுகாட்டில் செராஃபினுக்குக் கேலி வழக்கத்தின் இன்னொரு கடமை இருந்தது. வெட்டிவைத்த குழிக்குள் இறங்கி நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"இது சமோ மண்ணு. வேற இடம் பாருடா, அடிமை."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்; இமாமும் தாடியைத் தடவுவதுபோல வாயை மறைத்தார். முறைப்படி இரண்டு கோலாக்கொட்டை கொடுத்தால் அவர் எழுந்துவிட வேண்டும். கொடுத்தார்கள். அவர் எழவில்லை. கடைசியில் மரியாம்தான் கையை நீட்டித் தூக்கிவிட வேண்டியிருந்தது.

மறுவாரம் செராஃபின் ரஸ்மானேயின் பட்டறையிலிருந்து மொபெட்டை எடுத்துவந்தார். பின் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. முன் பிரேக்குக்குப் புதுக் கம்பி கோத்திருக்கிறது. திருகு இன்னும் முடுக்கப்படவில்லை.