ஏரிக்கரை வயலில் பால் நேரம்

காலை எட்டு ஐம்பதுக்குக் காரியம் கெட்டது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் உண்டு. அம்பத்தூர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர் எங்கள் தெருக்காரர். அந்த வேளையில் தாண்டிப் போனது பாசஞ்சர் அல்ல, ஆவடிக்குப் போன மிலிட்டரி ஸ்பெஷல் என்று அவர் பிற்பாடு எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு எட்டு வயது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் சனம் முழுக்க ஒரே பண்ணையில்தான் கூலி வேலை. நடவுக் காலத்தில் கைக்குழந்தைக்காரிகளை ஏரிக்கரை வயலில் விடுவார்கள். தூளி கட்டப் புங்கமரங்கள் அங்கேதான் இருந்தன. தூளிகளை ஆட்டுவது என் உத்தியோகம். குழந்தை அழுதால் ஆட்டலாம், அம்மாவைக் கூப்பிடக் கூடாது. உச்சிப்பொழுதுக்கு முன் எவளும் சேற்றைவிட்டு வரப்பேறக் கூடாது என்பது பண்ணைக் காரியஸ்தர் வைத்த சட்டம். பால் கட்டி, முந்தானை நனைய நனைய என் அம்மா நாற்று நடுவதை நான் தினமும் பார்ப்பேன். முந்தின வருஷம் ஒருத்தி பொறுக்க முடியாமல் தனியாக ஏறிவிட்டாள். மறுநாள் அவள் வீட்டில் ஒருவருக்கும் வேலை இல்லை. கொஞ்ச நாளில் அந்தக் குடிசையே காலி.

இதை மாற்றப் புறப்பட்டவள் என் சித்தி. பெரம்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் சில வருஷம் இருந்து, சங்கம் என்றால் என்னவென்று பார்த்துவிட்டு வந்தவள். ஊரில் கூட்டம் போட்டால் காரியஸ்தர் காதுக்குப் போய்விடும். ஆகவே அவள் பேன் பார்த்தாள். சாயங்காலமானால் யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்து ஒருத்தியின் தலையை மடியில் சாய்த்துக்கொள்வாள். பேன் பார்க்கும் இரண்டு பெண்களை எந்த ஆண்பிள்ளையும் ஒட்டுக்கேட்பதில்லை. ஈரை உருவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பாள், பிறகு நெடுநேரம் பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பேரன் எடுத்துவிட்ட ஒரு பெரியம்மா மட்டும் லேசில் மசியவில்லை.

"எனக்கு இன்னாத்துக்குடி இதெல்லாம்? என்கிட்ட பாலும் இல்ல, மோரும் இல்ல."

"உனுக்கு இல்லாங்காட்டி இன்னா? நீ நட்டாதான நாத்து நிக்கும்?" என்றாள் சித்தி, அடுத்த பேனை நசுக்கியபடி.

அந்த மாசம் எங்கள் தெருவில் எல்லாத் தலைகளும் படு சுத்தம்.

போன வாரம் என் மகள், ஆபீஸ் வேலையை விட்டுவிட்டதாகவும், அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களின் சங்கத்தில் முழுநேர ஊழியராகச் சேர்ந்துவிட்டதாகவும் சொன்னாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "சின்னப் பாட்டி செஞ்சதுதானம்மா இது" என்கிறாள். சின்னப் பாட்டி ஜெயித்ததை, அதற்குப் பிறகு தினமும் உச்சிக்கு முன்னால் இரண்டு தடவை தாய்மார்கள் தைரியமாக வரப்பேறியதை, அவளுக்கு எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் கிடந்த அந்தக் காத்திருப்பை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைப் பார்த்தவள் நான்.

சித்தி போட்ட திட்டம் எளிமையானது. குழந்தைக்காரிகள் மட்டும் ஏறினால் அவர்களை விரட்டிவிடுவார்கள். எல்லோரும் ஏறினால் முடியாது. பறித்த நாற்றை அன்றைக்கே நட்டாக வேண்டும், சுற்று வட்டாரம் முழுக்க நடவு, வேறு ஆள் கிடைக்காது. ஆனால் மற்றவர்கள் நட்டுக்கொண்டிருந்தது ரயில் ஓரத்து வயலில். இரண்டுக்கும் நடுவே சவுக்குத் தோப்பு, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. யாரிடமும் கடிகாரம் கிடையாது. ஒன்பதரை பாசஞ்சர் கூவியதும் இரண்டு வயலிலும் ஒரே நேரத்தில் ஏறுவது என்று முடிவாயிற்று.

ரயில் ஓரத்தில் இருந்தவர்கள், வருவது மிலிட்டரி வண்டி என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். குனிந்த தலை நிமிராமல் நட்டார்கள். எங்களுக்குக் கூவல் மட்டும்தான் கேட்டது. அம்மாவும் மற்றத் தாய்மார்களும் விறுவிறுவென்று ஏறி, காலைக்கூடக் கழுவாமல் குழந்தைகளை எடுத்துப் பால் கொடுக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

காரியஸ்தர் சைக்கிளில் வந்தார். வண்டியை மரத்தில் சாய்த்தார்.

"இன்னாடி இது, திருவிழாவா?"

"கொழந்தைக்குப் பசிங்கய்யா. குட்த்துட்டு எறங்கிட்றோம்" என்றாள் அம்மா. அவள் கண் சவுக்குத் தோப்பின் மேலேயே இருந்தது. அங்கே ஆள் அசையவில்லை.

"அவங்க எங்கடி? ஒருத்தியும் காணமே" என்று பக்கத்தில் இருந்தவள் முணுமுணுத்தாள்.

"எவங்க?" என்றார் காரியஸ்தர். அவள் குழந்தையின் மேல் குனிந்துகொண்டாள். "சரி, வாய் வெச்சது வெச்சிடுச்சி, குடிக்கட்டும். குடிச்சி முடிச்சதும் எறங்கிடணும். அப்பறமும் குந்திக்கினு இருக்கறவ நாளைக்கே ஊட்டுக் கூரையப் பிரிச்சிக்கினு கெளம்பலாம்."

எங்கள் குடிசை நின்றது பண்ணை நிலத்தில். அதுவும் அம்மாவுக்குத் தெரியும். ஒருத்தி குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சேற்றில் இறங்கினாள். பின்னாலேயே இன்னொருத்தி. அம்மா அசையவில்லை. மடியில் தம்பி எப்போதோ குடித்து முடித்திருந்தான். உதட்டோரம் பால் காய, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். குழந்தைகளைக் கவனிப்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"எம்மா, தம்பி தூங்கிட்டான்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"கேட்டியா? பெத்த பொண்ணே சொல்லுது. எறங்கு" என்றார் காரியஸ்தர்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானைக்குள் கையை விட்டு, தம்பியின் தொடையை நறுக்கென்று கிள்ளினாள்.

அவன் போட்ட கூச்சலில் மடிகளிலும் தூளிகளிலும் கிடந்ததெல்லாம் விழித்துக்கொண்டு ஒன்றாகக் கத்தத் தொடங்கின. கொக்குகள் எழுந்து பறந்தன. ஆட்டி ஆட்டி எனக்குக் கை ஓய்ந்தது.

"ஏம்மா அவனக் கிள்ற?"

"வாய மூட்றீ" என்றாள் அம்மா, தோப்பைப் பார்த்தபடி. காரியஸ்தர் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினார். அது ஒருவருக்கும் கேட்கவில்லை.

அப்போதுதான் சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து அவர்கள் வந்தார்கள். முழங்கால் வரை சேறு, நட்டு மீந்த நாற்று கையில், வரப்பில் ஒருவர் பின் ஒருவராக. முன்னால் சித்தி, அவளை ஒட்டி, பாலும் இல்லை மோரும் இல்லை என்ற அந்தப் பெரியம்மா. சேற்றில் இறங்கியிருந்த இருவரும் மறுபடி மேலே ஏறினார்கள். பாசஞ்சர் இன்னும் வரவே இல்லை. வந்தவர்களில் ஒருத்திக்கும் கைக்குழந்தை கிடையாது. வேலையைப் போட்டுவிட்டு இவர்கள் ஏன் வருகிறார்கள்? தம்பியைக் கிள்ளியதற்காக அம்மாவை நாலு கேள்வி கேட்கத்தான் என்று முடிவு செய்துகொண்டேன். நல்லவேளை, ஊரில் நியாயம் இருக்கிறது. ஓடிப்போய்ச் சித்தியின் கையைப் பிடித்து இழுத்து வந்து, தம்பியின் தொடையில் சிவந்திருந்த இடத்தைக் காட்டினேன்.

சித்தி அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவுக்குச் சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. எனக்கு வந்த கோபத்தில் அவர்களோடு பல நாள் பேசவில்லை.

காரியஸ்தரை ஐயா என்றல்லாமல் வேறு விதமாகவும் கூப்பிட முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. சித்தி அவர் பக்கம் திரும்பினாள். பின்னால் அத்தனை பெண்களும் வரப்பில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

"எங்க கொழந்த அழுவுற சத்தம் கேட்டுச்சு, வந்துட்டோம். அதுங்க குடிச்சி முடிக்கட்டும், எல்லாரும் ஒண்ணா எறங்குறோம். அதுவரிக்கும் நீயும் இப்டி நெழல்ல குந்து நைனா."