கஞ்சாவுக்கு மைக் கட்டினோம்

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகப் போகிற தொழிலில் முதலில் தொண்டை போகும், அப்புறம் வெட்கம் போகும், போகாமல் கூடவே வருவது பயம் ஒன்றுதான். வாசல் வாசலாக நோட்டீஸ் நீட்டியிருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், கோயில் கொடைத் திருவிழா என்று தென்காசியில் எல்லாவற்றுக்கும் கத்தியிருக்கிறேன். போன வருஷம் கத்தியது கஞ்சாவுக்கு.

வந்த வேலை

ஆறுமுகம் அண்ணாச்சி வீரகேரளம்புதூர்க்காரர், ராணுவத்தில் இருந்தவர். அவர் சம்சாரம் இசக்கி மதினிக்கு எலும்பில் புற்றுநோய். எந்த மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை. வெளிநாட்டில் சில இடங்களில் டாக்டர் எழுதிக்கொடுத்தால் கஞ்சாவே மருந்தாகக் கிடைக்கிறதாம். இங்கேயும் அப்படிச் சட்டம் வரவேண்டும். ஊர் ஊராகப் பேசி, குற்றாலத்தில் கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி மனு அனுப்பவேண்டும் என்றார்.

திட்டம் போட அவர் வீட்டுக்கே போனோம். பேசிக்கொண்டிருக்கும்போது மாடியிலிருந்து மதினியின் முனகல் வரும். மெல்ல ஏறும், நடுவில் அறுந்துபோகும், மறுபடி தொடங்கும். என் ஆட்டோ ஓட்டும் முப்பிடாதி அது நிற்கிறபோது மட்டும் மூச்சுவிட்டான். கஞ்சா என்றதும் முதலில் பதறியவன் அவன்தான். திரும்பி வரும் வழியில் அவனே சொன்னான்: “ஜெயிலுக்குப் போனாலும் பரவால்லண்ணே. அந்தச் சத்தத்த இன்னொரு தடவ கேக்க முடியாது. சட்டுன்னு கூட்டத்தப் போடுங்க.”

அனுமதி

கூட்டத்துக்கு அனுமதி கேட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அதிகாரி மனுவை மேலிருந்து கீழ் வரை படித்தார். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “மருந்துங்கறத சத்தமாச் சொல்லுங்க. கஞ்சாங்கறத மெதுவாச் சொல்லுங்க.”

சுரண்டையில் கைகள்

நல்ல உச்சிவெயில். மைக்கைப் போட்டதுதான் தாமதம், ஆட்டோ நகர நகர எங்களுக்கு முன்னால் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. இறங்கி நோட்டீஸோடு நடந்தேன். ஒரு ஜன்னல் லேசாகத் திறந்தது. வளையல் போட்ட கை ஒன்று நீண்டது, நோட்டீஸை வாங்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அடுத்த வீட்டில் ஊசி குத்திக் கன்றிப்போன கை. அதற்கடுத்தும் கைதான். தெரு முழுக்கக் கைகள். ஒரு முகம் இல்லை.

கடைசி ஜன்னலில் வந்த கை நோட்டீஸோடு சேர்த்து என் மணிக்கட்டையும் பிடித்தது. அந்த வெயிலிலும் ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. உள்ளே இருட்டிலிருந்து ஒரு பெண்குரல்: “இன்னும் ரெண்டு நோட்டீஸ் தாங்க. ஆனா இந்த வீட்டுல சீக்காளி யாரும் இல்லன்னு வெளிய சொல்லிருங்க.”

பதினாறு கழிந்த பிறகு

குற்றாலத்துக் கூட்டத்துக்கு நாள் குறித்த பிறகு மதினி இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் கழியட்டும் என்று இருந்து, பிறகு துக்கம் விசாரிக்கப் போனோம். இனிக் கூட்டம் இராது என்றுதான் நினைத்தோம். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அண்ணாச்சி கடுங்காப்பி கொடுத்தார்.

அப்போது மாடியில் கேட்டது. மெல்ல ஏறியது, அறுந்தது, மறுபடி தொடங்கியது. புறாவாக இருக்கும், காற்றில் தகரம் உரசுகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அண்ணாச்சி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்றும் போகிறவர் போல மாடி ஏறினார். “இந்தா வந்துட்டேன்ட்டி” என்று அவர் சொல்வது கேட்டது. சத்தம் நின்றது.

இறங்கி வந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “அவ போயிட்டா தம்பி. வலிக்குத்தான் இன்னும் சேதி போகல போல. கூட்டத்த நிறுத்திராதீங்க.”

சாரலில் கூட்டம்

குற்றாலத்தில் அன்று சாரல் மட்டுமல்ல, எதிர்வரிசைக் கடை தெரியாத அளவுக்கு மஞ்சு என்கிற மலைமூட்டம். பந்தலுக்குள் நாற்காலிகள் காலி. வந்தவர்கள் எல்லாரும் தள்ளி, ரோட்டோரமாகக் குடைகளுக்குள் நின்றார்கள். குடைக்குக் கீழே முகம் தெரியவில்லை. “என் சம்சாரம்” என்று அண்ணாச்சி தொடங்கினார், கரண்ட் போய்விட்டது. மைக் செத்ததும் அருவியின் இரைச்சல் மட்டும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து முனகல் வந்தது.

குடைகள் அசையாமல் நின்றன. முப்பிடாதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அண்ணாச்சி மைக்கை வைத்துவிட்டு மஞ்சுக்குள் நடந்தார். அவரைத் தனியே விட மனசு வராமல் நானும் போனேன். அங்கே ஒரு கார் நின்றது. பின்சீட்டில் எலும்பும் தோலுமாக ஒரு அம்மா படுத்திருந்தாள், கண்கள் மட்டும் விழித்தபடி. “பயப்படாதீங்க, முனகுறது எங்க அம்மைதான். கூட்டத்துக்கு நானும் வருவேன்னு ஒரே பிடிவாதம்” என்றாள், பக்கத்தில் நின்ற மகள்.

அண்ணாச்சி ஈரத்தரையில் முழங்கால் ஊன்றி, மனுத்தாளைத் தன் உள்ளங்கையில் விரித்துப் பிடித்து, பேனாவை நீட்டினார். பின்னால் குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின. முதல்முறையாக முகங்களைப் பார்த்தேன். அந்த அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் கேட்டாள்: “இதுல போட்டா இன்னைக்கே வலி நிக்குமாய்யா?”

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கும்படி கத்தத் தெரிந்த எங்களுக்கு, கேட்கவேண்டிய இடத்துக்குக் கேட்கும்படி கத்தத்தான் வழி தெரியவில்லை.