செவலை ஓடாத பந்தயம்

புதுச்சத்திரத்தில் மாரியம்மன் பண்டிகைக்கு நாய்ப் பந்தயம் வந்தது எழுபத்தெட்டில். போலீஸ் நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய மயில்சாமி கிளப்பிய வேலை அது. நாய் குச்சி தாண்ட வேண்டும், சாய்பலகையில் ஏறி இறங்க வேண்டும், வளையத்துக்குள் பாய வேண்டும். குச்சி விழுந்தால் ஐந்து மார்க்கு வெட்டு. நேரம் தாண்டினால் செகண்டுக்கு ஒன்று. வெட்டு குறைந்த நாய்க்குப் பரிசு.

மார்க்குப் போட நாச்சிமுத்துவைப் பிடித்து உட்கார வைத்தார்கள். முதல் வருடமே மனிதர் சொந்த மச்சினன் நாய்க்குப் பதினைந்து வெட்டிவிட்டார். போச்சு. அதோடு அந்த நாற்காலி அவரை விடவில்லை. மார்க்குப் போடுகிறவர் வீட்டு நாய் ஓடக்கூடாது என்பது மயில்சாமி வைத்த சட்டம். நாச்சிமுத்து வீட்டுச் செவலையோ தோட்டத்து வேலியை உரசாமல் தாண்டும் நாய். அதை வாசலில் கட்டிவிட்டு வந்து, சோப்ளாங்கி நாய்களுக்கெல்லாம் வருடா வருடம் மார்க்கு எழுதினார்.

"என்னைய உட்ருங்க" என்று கெஞ்சியும் பார்த்தார்.

"ஏனுங்க மாமா, உங்களைய உட்டா வேற ஆருங்க? அப்பறம் பந்தயமே வேண்டாமுங்க" என்று ஜெயித்தவர், தோற்றவர் இரண்டு தரப்பும் எழுந்துவிடும். பாராட்டுத்தான். ஆனால் மனிதருக்கு மூச்சு முட்டியது.

செவலைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வருடத்தை விட்டால் அதனால் ஓட முடியாது. எண்பத்திரண்டில் நாச்சிமுத்து ஒரு காரியம் செய்தார். விழாத் தலைவர் அப்புசாமியின் நாய் ஒரு குச்சியைக்கூடத் தொடாமல் ஓடி முடித்தது. இவர் கூசாமல் ஐந்து வெட்டினார். அப்புசாமி முன்கோபி. இன்றோடு நம்மை எழுப்பி விரட்டிவிடுவார் என்று கணக்கு.

அப்புசாமி மைக்கைப் பிடித்தார். "என்ற கண்ணுக்கு ஒரு குச்சியும் உழுவலீங்க. ஆனா நாச்சிமுத்து எழுதீட்டாருன்னா உழுந்துதுன்னுதானுங்க அர்த்தம்."

கூட்டம் கைதட்டியது. நாச்சிமுத்துவுக்குத் துண்டு போர்த்தினார்கள். அவருக்கு அவமானம் தாங்கவில்லை, உண்மையைக் கொட்டிவிட்டார்.

"இல்லீங்க, நான் வேணும்னே தப்பா எழுதீட்டனுங்க. குச்சி உழுவவே இல்லீங்க!"

மயில்சாமி சிரித்தார். "பாத்தீங்களா சாமி, தலைவரு மனசு நோகக்கூடாதுன்னு பழியத் தன் மேல போட்டுக்கறாரு. இவரு இருக்கற மட்டுக்கும் இவருதானுங்க மார்க்கு."

வீட்டில் பாவாயி ஆவலாகக் காத்திருந்தாள். கணவனின் திட்டம் அவளுக்குத் தெரியும்.

"எழுப்பி உட்டுட்டாங்களாங்க?"

நாச்சிமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சாகற மட்டுக்கும் நாந்தானாம், பாவாயி."