பினாயில் வாடை

இன்று பேரன் வீட்டில் பினாயில் ஊற்றிக் கழுவியபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சிறுமியாக நான் வேலை பார்த்த மதுரை நூல் மில்லில், ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வரும் நாளில் மட்டும்தான் கக்கூஸுக்குப் பினாயில் ஊற்றுவார்கள். பன்னிரண்டு வயது நிரம்பாதவர்களை மில்லில் வைக்கக் கூடாது என்று அந்த வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் இருந்ததால், கார் சத்தம் கேட்டதும் மேஸ்திரி எங்களைப் போன்ற பொடிசுகளை அந்தக் கக்கூஸுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். தரையில் ஊறிக் கிடக்கும் மலத்தோடு பினாயிலும் சேர்ந்து கண்ணை எரிக்க, வெறுங்காலோடு ஒருத்திமேல் ஒருத்தி ஒட்டிக்கொண்டு, பாவாடையால் வாயைப் பொத்தியபடி நிற்போம்.

ஒருமுறை, வண்டியூரிலிருந்து வரும் என் சிநேகிதி ஜைபு அடக்க முடியாமல் இருமிவிட்டாள். வெளியே பூட்ஸ் சத்தம் நின்றது.

"உள்ளே யாரு?"

"பொம்பளையாளுக யாராச்சும் இருப்பாகய்யா" என்றார் மேஸ்திரி.

வேலை போய்விடுமே என்ற பயத்தையும் மீறி, இன்ஸ்பெக்டர் கதவைத் திறக்க மாட்டாரா என்று ஏங்கினேன். கதவிடுக்கில் அவர் தெரிந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சரி, சரி, நாத்தம் தாங்கலை. போவோம்" என்று திரும்பி நடந்தார்.

கார் போனதும் மேஸ்திரி கதவைத் திறந்தார்.

"காலை நல்லாக் கழுவிட்டு வாங்கடி. பஞ்சுல பட்டுரப் போகுது."